செத்த காலேஜில் யாருக்கு இடம்?

எங்கள் ஆயா மியூசியம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்கு அது செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். காணும் பொங்கலன்று காலையிலேயே புளிசோறு கட்டிக்கொண்டு, வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகும். "செத்த காலேஜா, உயிர் காலேஜா, எங்க போலாம் சொல்லு" என்று கேட்கும். நாங்கள் உயிர் காலேஜ் என்று கத்துவோம். 1985இல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போய்விட்டது. அதன் பிறகு எங்களுக்குப் பக்கத்தில் மிஞ்சியது செத்த காலேஜ் மட்டும்தான்.

எழும்பூரின் செப்புத் திருமேனிகள் கூடத்தில் ஆயா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு முன்னால் நின்றது. வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். மண்ணுக்கடியில் பல நூறு ஆண்டுகள் கிடந்து வெளியே வந்த 11ஆம் நூற்றாண்டுச் சிலை. ஆயா அதன் இடது பக்கமாகப் போய் நின்று, இடுப்பின் வளைவையும் புடவை மடிப்பையும் வெகுநேரம் பார்த்தது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னது: "கோயில்ல நம்மள இவ்ளோ கிட்டக்க யாரு வுட்டா?"

அப்போது எனக்கு அது புரியவில்லை. வரலாறு படித்து, வரலாறு கற்பிக்க வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் எடை தெரிந்தது. அருங்காட்சியகத்தில் எல்லாரையும் உள்ளடக்க வேண்டும், வருகிற ஒவ்வொருவரும் இது என் இடம் என்று உணர வேண்டும் என்று இன்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் ஆயாவின் கேள்வி எனக்குள் எழுகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வரலாற்றில் பெண்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள், எவராக வந்தார்கள் என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பெயர் வைத்தவர்கள்

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை. கல்லூரிச் சாலையில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இருந்தது. அதனால்தான் காலேஜ். எட்வர்டு பால்ஃபோர் என்ற மருத்துவர் அதற்குப் பொறுப்பாளர். சில ஆண்டுகளில் அது எழும்பூருக்கு மாறியது. கூட்டத்தை ஈர்க்க உயிருள்ள விலங்குகளையும் வளாகத்திலேயே வைத்தார் பால்ஃபோர். 1863இல் அந்த விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. கற்களும் எலும்புகளும் பஞ்சடைத்த பறவைகளும் எழும்பூரிலேயே தங்கிவிட்டன. உயிருள்ளது ஒரு காலேஜ், உயிரில்லாதது இன்னொரு காலேஜ். இதைவிடத் துல்லியமாக வகைப்படுத்த முடியுமா?

எழும்பூரில் அது குடியேறிய இடத்துக்கும் ஒரு கதை உண்டு. பாந்தியன் சாலைக்குப் பெயர் தந்த பாந்தியன் மாளிகை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதராசின் வெள்ளையர்கள் நடனமாடவும் நாடகம் பார்க்கவும் விருந்துண்ணவும் கூடிய இடம். அந்த விருந்துகளில் இந்நகரத்து உழைக்கும் பெண்கள் இருந்திருந்தால் பாத்திரம் துலக்கும் இடத்தில்தான் இருந்திருப்பார்கள். அதே மனையில்தான் பின்னாளில் அவர்களும் கைக்குழந்தையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அறிவூட்டத்தான் இந்த இடம், இந்த மக்களோ பொழுதுபோக்க வருகிறார்கள் என்ற சலிப்பு காலனிய அதிகாரிகளின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கத் தெரியாதவர்கள், சிரிக்கிறார்கள், வியக்கிறார்கள், போய்விடுகிறார்கள் என்று பதிவானவர்கள்தான் எங்கள் ஆயாவின் ஆயாக்கள். ஆனால் மியூசியம் என்ற அரசின் பெயரை விட்டுவிட்டுத் தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள். ஓரிடம் நமக்குச் சொந்தமாவதற்கு முதல் படி அதற்கு நம் வாயில் ஒரு பெயர் இருப்பதுதான். அந்தப் படியை அவர்கள் யாருடைய அனுமதியும் கேட்காமல் ஏறியிருக்கிறார்கள்.

ஓடிப்போன பெண்கள்

பால்ஃபோருக்குப் பிறகு இந்த அருங்காட்சியகத்தோடு மிகவும் சேர்த்துப் பேசப்படும் பெயர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் அளக்கும் கருவிகளோடு அவர் ஊர் ஊராகப் போனார். மூக்கை அளந்தால் இனம் தெரியும், சாதியின் படிநிலை தெரியும் என்று நம்பிய காலம் அது.

அந்த நூலின் முன்னுரையில் தர்ஸ்டன் ஒரு சம்பவத்தை வேடிக்கையாகச் சொல்கிறார். வயநாட்டில் பணியர் மக்கள் வாழும் இடத்துக்கு அவர் போகிறார். பெண்கள் ஓடிவிடுகிறார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்ற பயம். அதைச் சொல்லிவிட்டு, அப்படிச் செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், உயிருள்ளவர்களைப் பார்த்து மாதிரி உருவம் செய்யும் சிரமம் தீர்ந்துவிடுமே என்று அவரும் ஒரு நகைச்சுவை சேர்க்கிறார்.

மாணவியாக முதல்முறை இதைப் படித்தபோது நானும் லேசாகச் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பாவம், அறியாமை என்று நினைத்தேன். அறியாமை எனக்குத்தான்.

பணியர் யார்? வயநாட்டின் நிலவுடைமையாளர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில், அடுத்த ஓராண்டுக்கு யார் எந்த முதலாளியிடம் வேலை செய்வது என்று அவர்களைப் பேசி முடிப்பார்கள். நிலம் கைமாறினால் மனிதர்களும் சேர்ந்து கைமாறிய காலம் உண்டு. ஏற்கெனவே தங்கள் உடலுக்குத் தாங்கள் உரிமையாளர் இல்லை என்று அறிந்த பெண்களிடம், அளவுகோலோடு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து நிற்கிறார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் பஞ்சடைத்த விலங்குகள் இருப்பதும் ஊருக்குத் தெரியும். அவர்கள் வேறு எப்படி யோசித்திருக்க முடியும்?

இன்னொன்று. அதே காலத்தில் பாரிஸ் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் சாரா பார்ட்மன் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனப் பெண். லண்டனிலும் பாரிஸிலும் காசு வாங்கிக்கொண்டு காட்சிப்பொருளாகக் காட்டப்பட்டவர். 1815இல் அவர் இறந்ததும் குவியே என்ற இயற்கை விஞ்ஞானி அவர் உடலை அறுத்தார். எலும்புக்கூடும், உடலைப் பதித்தெடுத்த வார்ப்பும், பாதுகாக்கப்பட்ட மூளையும் பிறப்புறுப்பும் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1970களில்தான் அவற்றைப் பார்வையிலிருந்து எடுத்தார்கள். நெல்சன் மண்டேலாவின் அரசு கேட்டு, 2002 ஆகஸ்ட் 9 அன்று, தென்னாப்பிரிக்காவின் பெண்கள் தினத்தில், அவர் பிறந்த மண்ணில் அடக்கம் நடந்தது. வயநாட்டுப் பெண்கள் சாராவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அருங்காட்சியகம் தங்களைப் போன்ற ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதை அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள்.

அருங்காட்சியகத்துக்குள் பெண் நுழைந்த முதல் வழி இதுதான்: மாதிரியாக, அளவாக, புகைப்படமாக. எல்லாரும் வாருங்கள் என்று கதவைத் திறந்து வைக்கும்போது, அந்தக் கதவைப் பார்த்து ஏன் சிலர் ஓடினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரையும் சந்தேகமும்

இரண்டாவது வழி திரைக்குப் பின்னால் இருந்தது. முகம் மறைத்து வாழ்ந்த பெண்களைச் சென்னையில் கோஷா பெண்கள் என்பார்கள். 1885இல் தொடங்கி, இப்போது திருவல்லிக்கேணியில் இருக்கும் மருத்துவமனையை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறோம். ஆண்கள் முன்னால் வர முடியாத பெண்கள் பார்ப்பதற்கென்று தனி நாள் ஒதுக்கும் வழக்கம் அக்காலத்து இந்திய அருங்காட்சியகங்களில் இருந்தது. சென்னையிலும் அந்த ஏற்பாடு இருந்தது.

இதை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். வீட்டைவிட்டு வெளியே வராத ஒரு பெண், மூடுவண்டியில் வந்து இறங்கி, ஆண்கள் இல்லாத கூடத்தில் திரையை விலக்கித் திமிங்கிலத்தின் எலும்பைப் பார்க்கிறாள். அது சின்ன விஷயம் இல்லை. இன்று பேசப்படும் உள்ளடக்கத்தின் ஆரம்பகாலக் கொள்கை என்றே இதைச் சொல்லலாம். ஆனால் யாருக்காக இந்த ஏற்பாடு? மானம் உள்ளவர்கள் என்று சமூகம் மதித்த குடும்பத்துப் பெண்களுக்காக. மற்ற நாள்களில் கூடை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்ணுக்கு நெரிசலும் இடியும்தான். அவளுக்கும் ஒரு நாள் அமைதியாகப் பார்க்கும் ஆசை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெண்களுக்கான சலுகை என்று வரும்போதெல்லாம் எந்தப் பெண்களுக்கு என்று கேட்க வேண்டியிருப்பது புதிய பழக்கம் இல்லை.

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான பால்ஃபோர்தான், பின்னாளில் மாகாண மருத்துவத் துறையின் தலைவராக இருந்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வழி செய்தவர். அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப்தான் கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஆகவே காலனிய அதிகாரிகள் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. கதவைத் திறந்தவர்களும் இருந்தார்கள், அளவுகோலோடு நின்றவர்களும் இருந்தார்கள்.

ஆள வந்தவர்களின் நாட்டில் பெண்களின் நிலை என்ன? 1914 மார்ச் 10 அன்று மேரி ரிச்சர்ட்சன் என்ற வாக்குரிமைப் போராளி, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் வெலாஸ்கஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். முந்தைய நாள் எம்மலின் பாங்கர்ஸ்டைக் கைது செய்ததற்கு எதிர்ப்பு. அந்த ஆண்டில் இப்படிப் பல தாக்குதல்கள் நடந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெண்கள் வேண்டுமானால் பரிந்துரை வாங்கி அனுமதிச் சீட்டோடு வரலாம் என்றது. ஆண்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. போராடிய பெண்களைச் சிறையில் அவர்களுக்குத் தெரியாமல் படமெடுத்து, அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் கண்ணாடிகளை உடைத்த மூவரில் ஒருவரான எவலின் மனெஸ்டா படத்துக்கு நிற்க மறுத்தார். பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்திருந்த காவலர் கை, விநியோகித்த படத்தில் அழிக்கப்பட்டிருந்தது. உள்ளே விடக் கூடாதவர்கள் என்று அடையாளம் காட்டிய அதே புகைப்படங்கள் இன்று லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அங்கே திரை, இங்கே சந்தேகம் என்று பிரித்துவிட முடியாது. பெண் உள்ளே வர வேண்டுமானால் யாராவது அவளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் இரண்டிலும் இருந்தது.

தீட்டு கேட்காத வாசல்

மூன்றாவது வழியைத்தான் ஆயா எனக்குக் காட்டியது.

1878இல் புதையல் சட்டம் வந்தது. நிலத்தடியில் கிடைக்கும் பழம்பொருள்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் அஞ்சி யாரோ எப்போதோ புதைத்த செப்புத் திருமேனிகள், உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் வெளிப்பட்டன. அவற்றில் பல எழும்பூருக்கு வந்தன. பூசை இல்லை, பட்டு இல்லை, மாலை இல்லை. கடவுளை இப்படிப் பொம்மையாக்கிவிட்டார்களே என்று வருந்துபவர்கள் உண்டு. அந்த வருத்தம் பொய் இல்லை. ஒரு திருமேனியை அதன் ஊரிலிருந்து பிரிப்பது அந்த ஊருக்கு இழப்புதான்.

ஆனால் 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துச் செல்லும்வரை, பெருங்கோயில்களின் நிலை என்ன? சட்டம் மாகாணம் முழுவதற்குமாக உறுதியானது 1947இல். அதற்குப் பிறகும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பும் பழக்கம் கால்களை விட்டுப் போகவில்லை. ஆயாவின் கால்களில் அது கடைசிவரை இருந்தது. கோயிலில் கருவறைச் சாமியை விளக்கு வெளிச்சத்தில், தூரத்திலிருந்து, மாலைக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு முகமாகத்தான் பார்க்க முடியும். எழும்பூரில் முழு உடலையும் பார்க்கலாம். சுற்றி வரலாம். முதுகைப் பார்க்கலாம். சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. இன்று நாளா என்றும் யாரும் கேட்பதில்லை. மாதவிலக்கு நாளில் ஒரு பெண் சிவகாமிக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்கக்கூடிய இடம் தமிழ்நாட்டில் அதுதான்.

கடவுளைக் கலைப்பொருளாக்கியது காலனிய அறிவு. அந்த மாற்றத்தின் ஓரத்தில், யாரும் திட்டமிடாமல், ஆயாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. அதனால் அருங்காட்சியகம் விடுதலை தந்த இடம் என்று நான் பாட வரவில்லை. பணியர் பெண்களை ஓடவிட்டதும் அதே நிறுவனம்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

ஆயா செருப்பைக் கழற்றியதும் கும்பிட்டதும் எனக்கு அன்று கூச்சமாக இருந்தது. இங்கெல்லாம் கும்பிடக் கூடாது ஆயா, இது மியூசியம் என்றேன். இப்போது நினைத்தால், சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் எங்கள் இருவரில் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

கல்லில் இருக்கும் பெயர்கள்

கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளிடம் ஒரு பயிற்சி தருகிறேன். எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும், அங்கே எத்தனை பெண் உருவங்கள், எத்தனை பெண்களின் பெயர்கள் என்று இரண்டு கணக்கு எழுதி வரச் சொல்வேன். முதல் கணக்கு பக்கம் பக்கமாக நீளும். பார்வதி, காளி, யட்சி, நடனமாது, கண்ணாடி பார்க்கும் பெண். இரண்டாவது கணக்கு ஒரு வரியில் முடியும். உருவமாக நிறைய இருக்கிறோம், பெயரோடு மிகக் குறைவு.

அப்போதுதான் அமராவதியைச் சொல்வேன். ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபி. 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த சிற்பக் கற்களில் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. சென்னையில் நின்றவையும் பின்னர் வந்து சேர்ந்தவையும் எழும்பூரில் இருக்கின்றன. புத்தரின் வாழ்க்கையும் யானைகளும் தாமரைகளும் செதுக்கிய சுண்ணாம்புக் கற்கள். அவற்றின் விளிம்புகளில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், சின்னச் சின்னக் கல்வெட்டுகள். இந்தக் கல் இன்னாருடைய தானம் என்று சொல்பவை.

அந்த இன்னாரில் பெண்கள் ஏராளம். பிக்குணிகள், அவர்களுடைய மாணவியர், இல்லறப் பெண்கள், வணிகர் மனைவியர். துறவு பூண்ட பிறகும் மகளோடு சேர்ந்து தானம் செய்த பிக்குணிகளும் உண்டு. விதிகர் என்ற தோல்தொழிலாளி, சம்மகாரர் என்று தன் தொழிலை மறைக்காமல் சொல்லி, தாய், மனைவி, சகோதரர்கள், மகன், மகள்கள் அனைவரோடும் சேர்ந்து பூரண கும்பம் செதுக்கிய ஒரு கல்லைக் கொடுத்திருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஒரு புனிதத் தலத்தின் கட்டுமானத்தில் பங்குதாரர்கள். அவர்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. வாசலே அவர்கள் கொடுத்த கல்லால் ஆனது.

ஆயாவிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதன் காலம் முடிந்த பிறகுதான் அந்தக் கல்வெட்டைப் படித்தேன்.

செம்பியன் மாதேவி இன்னோர் எடுத்துக்காட்டு. கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழனின் தாய். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர். 10ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புக்கலையின் மலர்ச்சியில் அவர் ஆதரவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நம் பேச்சில் அது சோழ மன்னர்களின் கலையாகவே நிற்கிறது.

அரசியின் பெயராவது கிடைக்கிறது. கூடை முடைந்தவளின் பெயர் எங்கே? ஆண்கள் வார்த்த செம்பு கலைப்பிரிவுக்குப் போகிறது. பெண்கள் நெய்ததும் முடைந்ததும் வனைந்ததும் மானுடவியல் பிரிவுக்குப் போகின்றன. நீலகிரியின் தோடர் பெண்கள், வரைபடம் எதுவும் இல்லாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் சிவப்பு, கறுப்புப் பூவேலை எந்த ஓவியத்துக்குக் குறைந்தது? அது ஒரு இனத்தின் வழக்கம் என்று ஆகிறது. சிற்பியின் வேலை ஒரு மனித மனத்தின் படைப்பு என்று ஆகிறது. உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் இந்தப் பிரிவினையில்தான் எழுந்து நிற்கின்றன.

எனவே உள்ளடக்கம் என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சரிவுப்பாதை வேண்டும், கழிப்பறை வேண்டும், முழங்கால் வலிக்கும் பெண்கள் உட்கார நிழலில் இருக்கை வேண்டும், பிள்ளைக்குப் பாலூட்ட ஓர் அறை வேண்டும். இவை சில்லறைக் கோரிக்கைகள் இல்லை. அவற்றோடு, பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் இன்னும் இரண்டு வரி வேண்டும். இதைச் செய்த கை யாருடையது? இது இங்கே எப்படி வந்தது? தானம் கொடுத்தவள் பெயர் கல்லிலேயே இருந்தால் அதை நடப்புத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அளந்து எடுத்த புகைப்படமானால், அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டு வைக்க வேண்டும்.

சென்ற முறை மாணவிகளோடு எழும்பூருக்குப் போனபோது, அர்த்தநாரீசுவரருக்கு முன்னால் ஒரு பாட்டி செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மாணவி ஒருத்தி என்னைப் பார்த்தாள். இங்கே கும்பிடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிக்கு நன்றாகத் தெரியும்படி சற்றே விலகி நின்றோம்.